கொரோனா வந்து போன பிள்ளைக்குக் களைப்பு தீரலையா?



2020, 2021-ல் கொரோனா பரவியபோது, "பிள்ளைகளை அது ஒண்ணும் செய்யாது, ரெண்டு நாள் காய்ச்சலோட போயிரும்" என்று பேசிக்கொண்டோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் போனது. ஆனால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் பாதிப்பு தங்கிவிடுகிறது. கொரோனா இன்னும் முழுசா ஒழியவில்லை. சளிக்காய்ச்சல் போல அவ்வப்போது வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப்பு இரண்டு வகை.

1. சில வாரம் கழித்து வரும் ஆபத்து

இது அபூர்வம்; ஆனால் உயிருக்கே ஆபத்தானது. கொரோனா தொற்றி 2 முதல் 6 வாரத்துக்குள் வரும். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி, இதயம், குடல், தோல் என்று பல உறுப்புகளைத் தாக்கும். 2020-ல் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் 8 வயதுச் சிறுவனுக்கு இது கண்டறியப்பட்டது. சிகிச்சையில் குணமானான்.

அடையாளம்: 3 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், அதோடு கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. மூச்சு வாங்கினாலோ, பிள்ளை துவண்டு மயங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். முன்பு கொரோனா வந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். குணமான பிறகும் இதயப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போக வேண்டும்.

2. மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லை

தொற்று வந்து 3 மாதத்துக்குள் தொடங்கி, குறைந்தது 2 மாதம் நீடித்து, அன்றாட வேலையைப் பாதிப்பதை 'நீடித்த கொரோனா' என்கிறார்கள். பிள்ளைகளுக்கான இந்த விளக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கொடுத்தது. அமெரிக்காவில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் தலைவலி, வயிற்றுவலி, தூக்கக் குறைவு, மறதி அதிகம். 12 முதல் 17 வயதில் களைப்பு, உடம்பு வலி, வாசனை, ருசி தெரியாமை அதிகம்.

இதற்குத் தனியாக ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அதனால்தான் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வருகிறது. "சோம்பேறி", "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குது" என்று அடிக்கிறோம். விடிவதற்கு முன்னே பாசி எடுக்கவும் மீன் வியாபாரத்துக்கும் கிளம்புகிற நமக்குப் பிள்ளையை உட்கார்ந்து கவனிக்க நேரம் இல்லை. ஏற்கெனவே 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பரில்தான் திறந்தது. விட்டுப்போன பாடத்தோடு மறதியும் சேர்ந்தால், "படிப்பு ஏறலை" என்று பையனைப் படகுக்கும் பெண்ணை வீட்டு வேலைக்கும் அனுப்பிவிடுவோம். நோயால் வந்த தடங்கலுக்குப் படிப்பையே பறிகொடுக்கலாமா?

என்ன செய்யலாம்?

* எல்லாக் களைப்பும் கொரோனாவால் வருவதில்லை. ரத்தசோகை, பூச்சித் தொல்லை, காசநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் பாருங்கள். மேல் சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.
* எந்த மாதம் காய்ச்சல் வந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள்.
* ஓடு, விளையாடு என்று விரட்டாதீர்கள். இன்று அதிகம் ஓடினால் நாளை படுத்துவிடும் பிள்ளைக்கு, வேலையையும் விளையாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
* வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இடையில் ஓய்வு கொடுத்தால் பிள்ளை பள்ளியை விடாது.
* மீன், முட்டை, முருங்கைக்கீரை, நேரத்துக்குத் தூக்கம் அவசியம்.

பயம் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு எழுதி முடித்ததும், "பள்ளிக்குச் சரியாகப் போகாத பிள்ளை யார் வீட்டில் இருக்கு, ஏன்?" என்று ஒரு சுற்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகப் பஸ் காசு இல்லாத உறுப்பினருக்கு அவசரக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள்.