காமலாபுரம் ரன்வேக்கு ஜெட் ஏன் வருவதில்லை?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய் போர்வெல் போடுகின்றன. வண்டி கப்பலில் போய்விடும். வேலைக்குப் போகும் ஆட்களுக்குத்தான் அலைச்சல். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தும், வெளிநாட்டு விமானம் ஏற வேறு ஊருக்குத்தான் போயாக வேண்டும்.

காமலாபுரம் ரன்வேயின் நீளம் 1,806 மீட்டர். இறக்கையில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது தாராளம். முழுச் சுமையோடு கிளம்பும் ஜெட்டுக்குப் போதாது. தூரம் கூடினால் எரிபொருள் கூடும், எடை ஏறும். எடை ஏறினால் இன்னும் வேகமாக ஓடித்தான் மேலெழ முடியும். அந்த ஓட்டத்தின் நடுவில் என்ஜின் மக்கர் செய்தால் பிரேக் போட்டு நிற்கவும் தரை மிச்சம் இருக்க வேண்டும்.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் சேரும். காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், என்ஜினும் தளரும். கென்யத் தலைநகர் நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,624 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தலைநகரின் ரன்வே 4,117 மீட்டர். அதைவிட உயரத்தில், 2,334 மீட்டரில் இருக்கும் அடிஸ் அபாபாவிலும் 3,800 மீட்டர் போட்டிருக்கிறார்கள். காமலாபுரத்தின் உயரம் சுமார் 300 மீட்டர்தான் என்பதால் நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலும் காற்றை மெலிய வைக்கும்.

நீட்டலாமே என்றால், நிலம் வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டியில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தார்கள். விளைகிற நிலம் அது. எதிர்ப்பில் நியாயம் உண்டு.

1993-இல் திறந்த நிலையம் பெரும்பாலான காலம் சும்மாதான் கிடந்தது. 2009-இல் வந்த கிங்ஃபிஷர் 2011-இல் நின்றது. 2018 மார்ச்சில் வந்த ட்ரூஜெட்டும் 2021-இல் போய்விட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. 2018 முதல் வந்தவற்றை இழுத்தது உடான் திட்டம்: டிக்கெட் விலைக்கு வரம்பு கட்டி, நிறுவனத்தின் நட்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும்.

நாமக்கல் முட்டைக்காகப் பெரிய விமான நிலையம் வேண்டும் என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் முட்டை பெரும்பாலும் குளிர்பதன கண்டெய்னரில் ஏறிக் கப்பலில் போகிறது. விமானக் கட்டணம் அதற்குக் கட்டுப்படியாகாது.

ரன்வே நீண்டாலும் சுங்கமும் குடிநுழைவுச் சோதனையும் வர வேண்டும், விமான நிறுவனமும் ஆசைப்பட வேண்டும். நாமக்கல்காரருக்கோ திருச்சி ஒன்றும் தூரமில்லை. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அங்கிருந்தே நேரடி விமானம் இருக்கிறது.