சேய்வகுப்பும் அதன் முகவரியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையருகிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் என் நண்பரொருவர், ஜாவா மொழியில் ஓர் இரவு முழுதும் ஒரே பிழையோடு போராடி, 'எனக்கு இக்கல்வி வாராது' எனச் சோர்ந்தார். தாய்வகுப்பு அருகிலேயே இருக்கவும், அதன் வழிவந்த சேய்வகுப்பைத் தொகுக்குங்கால், 'அப்பெயர் காணப்படவில்லை' எனக் கம்பைலர் மறுத்தது. இதன் காரணத்தை ஈண்டு விளக்குவாம்.

1995-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட இம்மொழியில், பேக்கேஜ் என்பது வகுப்பின் முகவரியாம். 'திருவள்ளூர்.கும்மிடிப்பூண்டி' எனப் பேக்கேஜின் பெயரை எழுதினால், திருவள்ளூர் என்னும் கோப்புறையும், அதனுள் கும்மிடிப்பூண்டி என்னும் கோப்புறையும், அதனுள் நம் கோப்புகளும் இருத்தல் வேண்டும். நண்பரோ கும்மிடிப்பூண்டிக்குள் நின்றவாறே, சேய்க்கோப்பை மட்டும் தந்து கம்பைலரை ஏவினார். அது தாயைக் காண, நின்ற இடத்திற்குள்ளேயே திருவள்ளூரைத் தேடிற்று. ஊருக்குள் மாவட்டம் அகப்படுமோ?

பரிகாரம் எளிது. திருவள்ளூருக்கு மேலுள்ள கோப்புறைக்குச் சென்று, ஆங்கிருந்து கோப்பின் முழுவழியையும் கூறி ஏவுக. தேடல் தொடங்கும் இடமே கிளாஸ்பாத். ஒன்றும் கூறாவிடின், நிற்குமிடமே அதுவாம். கணினியில் முன்னரே வேறு கிளாஸ்பாத் அமைந்திருப்பின், நிற்குமிடத்தைக் குறிக்கும் ஒரு புள்ளியையும் அதனோடு சேர்த்தல் வேண்டும். தாய்வகுப்பு வேறு பேக்கேஜில் இருப்பின், அது 'பப்ளிக்' ஆதலும், சேய்க்கோப்பு அதனை 'இம்போர்ட்' வாயிலாகவோ முழுப்பெயராலோ சுட்டலும் இன்றியமையாதன.

நண்பர் நிரலில் ஓரெழுத்தையும் மாற்றினாரல்லர், நின்ற இடத்தை மாற்றினார், பிழை ஒழிந்தது. மாணவ நண்பர்காள்! வழு நேருமிடத்து நம் அறிவை ஐயுறுமுன், நாம் நிற்குமிடத்தை ஆராய்வோமாக.