இரும்புக்கை மாயாவி: மின்சாரமில்லாத ஊர்களின் மின்சார நாயகன்

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் 1960களின் நடுப்பகுதியிலிருந்து சனிக்கிழமைக் காலைகளை அதிவீரர்களின் கேலிச்சித்திரத் தொடர்களுக்கென ஒதுக்கின. தொலைக்காட்சியே 1979இல்தான் தொடங்கிய இலங்கையிலோ, தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அத்தகைய வீரர்கள் சித்திரக்கதைகள் வழியாகவே, அதாவது படக் கட்டங்களாலும் உரையாடல் கூடுகளாலும் கதை சொல்லும் இதழ்கள் வழியாகவே, அறிமுகமாயினர்.

அவர்களுள் தலையாயவர், 1962இல் ‘வேலியன்ட்’ என்னும் பிரித்தானிய வார இதழில் தோன்றி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாகச் சிவகாசியிலிருந்து தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி. விபத்தில் வலக்கையை இழந்து உருக்குக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளரான இவர், உயர் அழுத்த மின்சாரம் உடலிற் பாயும்போது கண்ணுக்குத் தெரியாது போவார். உருக்குக் கை மட்டும் மறையாது என்பதால், ஸ்பானிய ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோவின் கட்டங்களில், அடர்ந்த கறுப்பு நிழல்களுக்கிடையே, மூட்டு மூட்டாக ஒளிரும் அந்தக் கை தனியே மிதந்து வரும். இவ்வளவு சிக்கனமாக அச்சத்தையும் வியப்பையும் ஒருங்கே எழுப்பிய படைப்புகள் மிகச் சில.

இந்த மின்சார நாயகனை வாசித்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட, மக்கள் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்வாண்டில் ஊர்காவற்துறை உள்ளிட்ட தீவகப் பகுதிகளிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு இத்தகைய புத்தகங்களும் கைவிடப்பட்டன. ஆயினும் மாயாவியின் கதைகள் இன்று மறுபதிப்புகளாகக் கிடைக்கின்றன.