அடர் பழுப்புச் சாயம் அடித்தால் அறை கொதிக்குமா?

தீபாவளிக்கு முன்பு வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு என் படிவம் 4 மாணவன் ஒருவன் கடையிலிருந்து வாங்கி வந்த வண்ண அட்டையைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டான். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் ஒன்றைக் காட்டி, “சார், என் அறை முழுக்க இதை அடிக்கப் போறேன். பாட்டி வேண்டாங்குறாங்க. கறுப்புச் சட்டை போட்டா வேர்க்கிற மாதிரி அறையும் கொதிக்குமாம். உண்மையா சார்?” என்றான்.

பாட்டி சொன்னது பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

முதலில் அந்த நிறத்தையே கொஞ்சம் கவனியுங்கள். வானவில்லில் பழுப்பு நிறம் கிடையாது. பழுப்பு என்பது மங்கலான ஆரஞ்சு, அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றை வரைந்து, சுற்றிலும் வெள்ளையாக விட்டு, கட்டத்தின் பிரகாசத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். ஆரஞ்சு மெல்லப் பழுப்பாகும். சுவரிலும் இதே கதைதான். தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைச் சாயம் விழுங்கிவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சமாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகள். நம் செம்மண் சாலைகளைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஆக்சைடுதான். அதோடு மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்தால் நிறம் இன்னும் கருமையாகும்.

நல்ல வெள்ளைச் சுவர் ஒளியில் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். காப்பிக்கொட்டைப் பழுப்பு 8 விழுக்காடு அனுப்பினாலே அதிகம்.

அறைக்குள் குறைவது வெளிச்சம்

இப்போது அறைக்குள் வருவோம். விளக்கிலிருந்து வரும் ஒளி சுவரில் பட்டதும் முடிந்துவிடுவதில்லை. திரும்புகிறது, எதிர்ச்சுவரில் படுகிறது, மீண்டும் திரும்புகிறது. கூடுதல் கணிதம் படிப்பவர்களுக்கு இது பழகிய பெருக்குத் தொடர்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் வெள்ளை, கூரையும் வெள்ளை, தரை நடுத்தர நிறம். எல்லாப் பரப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 68 விழுக்காடு ஒளி திரும்புகிறது. 1 + 0.68 + 0.68 × 0.68 என்று கூட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய 3.1 வரும். அதாவது, விளக்கு ஒரு பங்கு ஒளி கொடுத்தால், துள்ளித் துள்ளி அது மூன்று பங்கு வேலை செய்கிறது. நான்கு சுவரையும் அடர் பழுப்பாக்கினால் சராசரி சுமார் 24 விழுக்காடாக இறங்கும். கூட்டுத்தொகை 1.3 மட்டுமே. விளக்கு அதே விளக்கு. அறையின் வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய்விட்டது!

சினிமா அரங்கின் சுவர்கள் கருமையாக இருப்பதும் இதற்காகத்தான். திரையிலிருந்து வரும் ஒளி சுவரில் பட்டு மீண்டும் திரையில் விழுந்தால் படம் வெளிறிவிடும். அங்கே அது தேவை. எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் அறையில் தேவையா?

ஒரே ஒரு சுவரை மட்டும் பழுப்பாக்கினால் கணக்கு 2.3-இல் நிற்கிறது. முக்கால்வாசி வெளிச்சம் மிஞ்சும். ஆனால் அது சன்னலுக்கு நேர் எதிரான சுவராக இருக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் பரப்புவது அந்தச் சுவர்தான்.

சரி, சூடு? உள்சுவர் நிறத்தால் அறை சூடாவதில்லை. 10 வாட் எல்இடி விளக்கு எரிந்தால், சன்னல் வழியே வெளியேறும் சிறு பகுதி போக மீதி அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். பழுப்புச் சுவர் அதை உடனே விழுங்குகிறது. வெள்ளைச் சுவர்கள் நாலைந்து முறை பந்தாடிவிட்டு விழுங்குகின்றன. 10 வாட் எங்கும் போகவில்லை. சுவர் வெளிவிடும் வெப்பக் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் வெள்ளைச் சாயமும் பழுப்புச் சாயமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் நடந்துகொள்கின்றன. நம் கண்ணுக்குத்தான் அவை வேறு வேறு.

பாட்டி கண்ட வீடு

பிறகு பாட்டி ஏன் அப்படிச் சொன்னார்? அவர் வளர்ந்தது தோட்டத்து லயத்தில், பலகை வீட்டில். அந்தக் காலத்தில் கரையான் அரிக்காமலிருக்கப் பலகைகளுக்கு வெளியே கரும்பழுப்பு எண்ணெய் பூசுவார்கள். அவற்றில் முக்கியமானது நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கும் கிரியோசோட்டு. அதை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு 1838-இல் இங்கிலாந்தின் ஜான் பெத்தல் காப்புரிமை பெற்றார். ரயில் தண்டவாளக் கட்டைகளும் தந்திக் கம்பங்களும் அதனால்தான் பல ஆண்டுகள் தாங்கின. (புகைக்கூடத்தில் தொங்கிய ரப்பர் தகடுகள் பழுப்பேறி, பூஞ்சை பிடிக்காமல் இருந்ததற்கும் விறகுப் புகையில் உள்ள இதே குடும்பத்துப் பொருள்கள் காரணம்.)

மெல்லிய பலகை, வெளியே கருமை, மேலே தகரக் கூரை. பிற்பகலில் அந்த வீடு எப்படி இருந்திருக்கும்! கூரைக்குத்தான் பெரும்பங்கு என்றாலும் சுவரும் சும்மா இருந்திருக்காது. பாட்டியின் அனுபவம் பொய்யில்லை. அது வெளிச்சுவரின் அனுபவம்.

அந்த எண்ணெய் வீட்டில் மிச்சம் இருந்தால், அல்லது ‘மின்யாக் ஹீத்தாம்’ எனப்படும் பழைய இயந்திர எண்ணெயைப் பூசினால் நல்ல பழுப்பு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அறைக்குள் வேண்டவே வேண்டாம். கிரியோசோட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வைத்திருக்கிறது. இயந்திர எண்ணெய்க் கழிவும் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

எந்தச் சுவர், எந்தத் திசை?

கோலசிலாங்கூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறது. எனவே வடக்கு, தெற்குச் சுவர்களில் வெயில் சாய்வாகத்தான் உரசும். கிழக்கும் மேற்கும்தான் நேராக வாங்கும். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 500 வாட் விழுவதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை அதில் 150 வாட்டைப் பிடித்துக்கொள்ளும். அடர் பழுப்பு 440 வாட்டைப் பிடிக்கும். 12 சதுர மீட்டர் சுவர் என்றால் வித்தியாசம் 3,000 வாட்டைத் தாண்டுகிறது. பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். மிச்சம் செங்கல்லுக்குள் மெதுவாக ஊர்ந்து, சில மணி நேரம் கழித்து அறைப் பக்கம் வந்து சேரும். நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம் அது. வெயில் அடித்த நாளில், இரவு எட்டு மணிக்கு உங்கள் மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

இரும்பும் குரோமியமும் கலந்த ஆக்சைடு நிறமி கொண்ட பழுப்புச் சாயங்களும் உண்டு. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பாக வருகிறது. அதில் ஒரு பகுதியை இவை திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பழுப்பு, வெயிலுக்குக் கொஞ்சம் வெள்ளை. விலை கூடுதல்.

என் மாணவன் கட்டிலின் தலைமாட்டுச் சுவரை மட்டும் பழுப்பாக்கினான். இரண்டு பூச்சிலேயே பழைய வெள்ளை மறைந்துவிட்டதாம். அடர் நிறம் ஒளியை விழுங்குவதால் அடியில் இருப்பது சீக்கிரம் மறையும். பழுப்பை மறுபடி வெள்ளையாக்குவது அத்தனை எளிதல்ல. அடிப்பூச்சு ஒன்றும் அதன்மேல் இரண்டு மூன்று பூச்சும் வேண்டும். மிச்சமிருந்த அரை டின் சாயத்தை வாசல் சுவருக்கு அடிக்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேற்கு என்றான். டின்னை மூடி வைக்கச் சொன்னேன்.