ஏடேறாத குடிவரலாறு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதி வழியே ஏறக்குறைய இரண்டு மைல் சென்றால் அலுவிகாரை என்னும் குகைக்கோயிலைக் காணலாம். நாவிலிருந்து நாவுக்கு வழிவழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய காலம் அது. ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்று அஞ்சிய பிக்குகள் எழுத்தாணியைக் கையில் எடுத்தனர்.

அக்குகைகளைக் கடந்து செல்லும் அதே வழியில், 19ஆம் நூற்றாண்டிலே, தமிழகத்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்து வந்தனர். 1820களில் தொடங்கிப் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலே கங்காணிமார் சேர்த்த குடிகள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே ஏறக்குறைய 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தன. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நடுகல் எடுக்கும் முறையை ஆறு துறையாக வகுத்துரைக்கும் தொல்காப்பியம். மாண்டாரின் பெயரைக் கல்லிற் பொறித்துப் போற்றிய அந்த மரபில் வந்தோர் வழியோரத்தே வீழ்ந்தபோது, ஒரு கல் நடுவாருமில்லை. ஒரு பெயர் எழுதுவாருமில்லை.

வகுப்பில் ‘எங்கள் குடும்பம்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதும்படி ஒருமுறை பணித்தேன். மாத்தளைக்கு மேற்கேயுள்ள யட்டவத்தப் பகுதி மாணவன் ஒருவன் மூன்றே வரி எழுதி வந்தான். ‘நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தோம். எந்த ஊர் என்று தெரியாது. எப்போது என்றும் தெரியாது.’ அந்த மூன்று வரி என்னை வருத்திற்று. ஒரு விடுமுறை நாளில் அவனோடு அவன் வீட்டாரின் லயத்துக்குச் சென்றேன்.

எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்தார். அவரை அவன் “அப்பாயி” என்று அழைத்தான். அச்சொல்லே முதற்சான்று. தந்தையைப் பெற்றவளை மதுரை, இராமநாதபுரம் பக்கத்தார் பெரும்பாலும் அப்பத்தா என்பர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அப்பாயி என்பது பெருவழக்கு. குலதெய்வம் எதுவென்று கேட்டேன். மதுரகாளி என்றார். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் கோயில் கொண்டவள் அவள். அப்பெரம்பலூரும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்ததே. இரண்டு சொற்களும் ஒரே திசையைக் காட்டின.

இனிக் காலம். தம் பாட்டனாரைச் சிறு பிள்ளையாகத் தோளில் சுமந்துகொண்டு நடந்து வந்தார்கள் என்றார். வடபாதை நடை 1900 அளவில் ஓய்ந்தது. அதன்பின் வந்தோர் நடந்த கதை கூறார். கழுத்தில் தொங்கிய தகரத் துண்டையும் மண்டபம் முகாமையும், 1914இல் தலைமன்னார் வழியாகத் தொடங்கிய இரயிற் பயணத்தையுமே கூறுவர். கோப்பிக்காலம் முடிந்த பிறகு வந்தோம் என்பதும் அவர் கேள்வி. கோப்பியில் இலைநோய் கண்டது 1869இல். அப்பயிர் அழிந்தது 1880களில். ஆகவே இக்குடி அந்த அழிவுக்கும் 1900க்கும் இடையில் வந்திருத்தல் வேண்டும்.

“வழியில் யாரையும் இழந்தார்களா, அம்மா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு. தம்புள்ளைக்கு அந்தாண்ட போயிருச்சு. பேரு தெரியும் வாத்தியாரய்யா, கேட்டவங்கதான் இல்ல.”

தம் தாய் பாடிய ஒப்பாரியில் அப்பெயர் இருந்ததாம். மெல்லிய குரலில் அதைச் சொன்னார். எந்தக் கந்தோரின் இடாப்பிலும் அது இராது. மாணவன் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். இங்கே நான் அதை எழுதேன். அது அக்குடும்பத்தின் உடைமை.

அவ்வீட்டுத் தகரப்பெட்டியிலும் வரலாறு இருந்தது. மங்கிய பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அரிசிக் கூப்பன், பற்றுச்சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஆகியவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இங்கே இடைவிடாது வாழ்ந்ததை மெய்ப்பிக்கச் சொல்லிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. அவ்வாறுதான் அப்பாயியின் தம்பி கப்பலேறி நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனார். குடும்ப வரலாற்றின் பாதி அவரோடு போயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், ‘நீ இந்நாட்டவனா?’ என்று எவரும் இவர்களைக் கேட்பதற்கில்லை. அதனாலேயே இத்தாள்கள் இனி எதற்கு என்று பலர் கரையானுக்கு விட்டுவிட்டனர்.

அது பெருந்தவறு. அதிகாரிக்குக் காட்டவேண்டிய சான்று, இனிப் பேரப்பிள்ளைக்குக் காட்டவேண்டிய சான்று. எனினும் தாளை மட்டும் நம்புதலும் ஆகாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரில் லகர, ளகர வேறுபாடு இராது. எழுதுவினைஞர் காதில் விழுந்ததே எழுத்தாயிற்று. தாள் ஆண்டைக் கூறும். ஊரின் ஓசையை முதியோர் நாவே கூறும். இரண்டையும் ஒப்புநோக்குதலே ஆராய்ச்சி. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தனர். போற்றத்தக்க செயல். ஆயின் ஊர்கூடி நடப்பதோடு, வீடுதோறும் எழுதுதலும் நிகழவேண்டும்.

மலைநாட்டு வாசகர்களே, உங்கள் வீட்டு முதியோரின் அருகில் ஒரு கொப்பியோடு அமருங்கள். ஊர், குலதெய்வம், வந்த வழி, கங்காணியின் பெயர், வாழ்ந்த தோட்டங்கள், அக்கரை சென்ற உறவினர் என முறையாகக் கேளுங்கள். கைத்தொலைபேசியில் அவர்கள் குரலையும் பதியுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்து அலுமாரியிலும், ஒன்றைக் கடல் கடந்த உறவினரிடத்தும் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வழியில் மாண்டவர்களின் பெயர்களைக் கேளுங்கள். அவற்றை அறிந்தவர் இன்னும் சிலரே உளர்.