“விடுதலை”ப் பத்திரத்தில் கையெழுத்தா? உஷார்!

தமிழில் இருக்கும் காகிதத்தையே தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை ஒன்று வடசென்னையில் நடக்கிறது!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் மனு எழுதுகிறவர்களும், பத்திரம் எழுதுகிறவர்களும் செய்யும் வேலை இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் மீன் விற்பவர், எண்ணூர் தொழிற்சாலைத் தொழிலாளி... யாரானாலும் வீடு, வாசல் என்று வந்தால் இவர்களைத் தேடித்தான் வரவேண்டும்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது. ஆபீசு காகிதங்களில் இங்கிலீஷ் போய் தமிழ் ஏறியது. நல்ல காரியம்தான். ஆனால் சில வார்த்தைகளுக்கு வீட்டில் ஒரு அர்த்தம், ஆபீசில் வேறு அர்த்தம். வம்பே அங்குதான்!

வில்லங்கம்

“வில்லங்கம் இல்லாத இடம்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு வில்லங்கச் சான்று?” என்று கேட்பவர்கள் உண்டு.

வில்லங்கம் என்றால் இங்கே வம்பு அல்ல. இங்கிலீஷில் ‘என்கம்பரன்ஸ்’. அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் பட்டியலே இந்தச் சான்று. அதில் நாலு வரி இருப்பதாலேயே இடம் கெட்டுவிடாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் முழுக்க நம்பிவிட முடியாது. பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் வராதே!

வாரிசு

வாரிசுச் சான்றிதழ் வேறு, வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. வித்தியாசம் ஒரே ஒரு ‘உரிமை’தான்!

இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று தாசில்தார் கொடுப்பது முதலாவது. இரண்டாவதைக் கொடுப்பது கோர்ட்டு; 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. நாமினி பெயர் எழுதாமல் விட்ட பேங்க் டெபாசிட், ஷேர் போன்றவற்றுக்கு இதைக் கேட்பார்கள். எது வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் தாலுகா ஆபீசுக்கு நடந்தால், மாதக்கணக்கில் அலைச்சல்தான் மிச்சம்.

விடுதலை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான்.

“பிரச்சினை தீரட்டும், ஒரு கையெழுத்துதானே அக்கா, போட்டுடு” என்று தம்பி நீட்டுகிறார். மேலே ‘விடுதலைப் பத்திரம்’ என்று இருக்கிறது. தொல்லையில் இருந்து விடுதலை என்று அக்காவும் கையெழுத்துப் போடுகிறார்.

விடுதலையாவது அக்கா அல்ல, அவருடைய பங்கு! இங்கிலீஷில் இது ‘ரிலீஸ் டீட்’. கூட்டுச் சொத்தில் தன் பாகத்தை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்பதே அதன் பொருள். பதிவாகிவிட்டால், ஏமாந்துவிட்டேன் என்று சொல்லி ரத்து செய்ய சிவில் கோர்ட்டு ஏறவேண்டும். லேசில் முடியாது.

அந்தப் பங்கு சும்மா வந்ததல்ல. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989-ல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு அது இல்லை. அந்தத் தடையை 2005-ம் ஆண்டு மத்திய சட்டம் நீக்கியது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில், கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. அதுவும் அதே 1925-ம் ஆண்டுச் சட்டப்படிதான்.

இத்தனை வருடப் போராட்டத்தில் கிடைத்தது, ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரியாமல் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது!

என்ன செய்யலாம்?

பத்திரத்தின் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். “இதில் கையெழுத்துப் போட்டால் எனக்கு என்ன வருகிறது, என்ன போகிறது?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாநில ஆணையத்தின் ஆபீசு ஐகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது.

ராயபுரத்தில் இருந்து பஸ் ஏறினால் பக்கம்தான். கையெழுத்துப் போட்ட பிறகு போவதைவிட, போடுவதற்கு முன்னால் போவது நல்லது!