வீட்டு உப்புக்கும் கணக்கு வேண்டும்



உப்பு மூட்டை எத்தனை வந்தது, எத்தனை போனது, கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் சிட்டையைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். நம் வீட்டுச் சமையலுக்கு மாதம் எவ்வளவு உப்பு போகிறது என்று கேட்டால் விழிப்போம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2016 தீபாவளி வியாபார நேரத்தில், எங்களோடு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தம்பியின் கையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பக்கவாதம். இரண்டு வருடம் முன்பே டாக்டர் பார்த்து, பிரஷர் 160/100 இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தம்பி மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் உப்புக் கணக்கைப் பார்த்தோம். 4 பேர் சாப்பிடும் வீடு. ஒரு கிலோ பாக்கெட் 20 நாளில் தீர்கிறது. நாளைக்கு 50 கிராம், ஆளுக்கு 12½ கிராம். கழுநீரிலும் வடிகஞ்சியிலும் 2 கிராம் கழிவு தள்ளினாலும் 10 கிராமுக்கு மேல் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ ஆளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன். 4 பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் இந்த 600-க்குள் அடங்க வேண்டும். நாம் விற்கிற சரக்கில் பாதி இந்த வரிசையில் வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரத்தத்தின் அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் இப்படி இருந்தால் குழாய்ச் சுவர் தடித்து, மூளையோ இதயமோ சிறுநீரகமோ அடிபடும்.

இந்துப்பு வாங்கினால் பிரஷர் வராது என்று நம்பி வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். நமக்கும் அதில் லாபம் கூடுதல். ஆனாலும் சொல்லிவிடுவோம்: இந்துப்போ, கல்லுப்போ, பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று வரும் பாக்கெட் வேறு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேருக்கு இந்தச் சோதனை நடந்து 2021-ல் முடிவு வந்தது. பக்கவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள வயதானவர்களும்தான் அதில் இருந்தார்கள். நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துவராது. டாக்டரைக் கேட்டீர்களா என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

உப்பு மட்டுமா? காலை 6 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. 11 மணிக்கு வடை, இரவு பத்தரைக்குச் சாப்பாடு, உடனே படுக்கை. வயிறு முன்னே வந்தால் பிரஷரும் கூட வரும். புகையிலை, மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடை பூட்டியதும் வண்டியைத் தொடாமல் வீட்டுக்கு நடந்து போகலாம். கீரை, பருப்பு, வாழைப்பழம் நம்மிடமும் பக்கத்துக் கடையிலும் இருக்கின்றன. வருடம் ஒருமுறையாவது பிரஷர் பாருங்கள். 140/90 தொட்டால் டாக்டரிடம் போங்கள். மாத்திரையைச் சொந்த யோசனையில் நிறுத்த வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கிலோ 45 நாள் வருகிறது. முதல் மாதம் குழம்பு சப்பென்று இருக்கிறதென்று சண்டை. பிறகு நாக்கு பழகிவிட்டது. தம்பி மாலையில் வந்து கடையில் உட்காருகிறார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகி, வங்கியிலும் அதையே மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.